லைசென்ஸ் வரும்வரை அடிக்காதவர்

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஓர் ஆளை அறைந்துகொண்டிருந்தார்.

பீளமேட்டில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில், வயர்லெஸ் செட்டில் பொழுதுபோக்காகப் பேச லைசென்ஸ் தரும் அமெச்சூர் ரேடியோ தேர்வுக்கு வகுப்பு நடந்தது. பக்கத்துக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான் ஆசைக்காகச் சேர்ந்திருந்தேன். அன்று முதல் வகுப்பு. படிக்கட்டை மறித்து யாரோ பைக்கை நிறுத்தியிருந்தான். எடுக்கச் சொன்னதற்கு அவன் பதிலுக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் கையிலிருந்த வாட்சை நிதானமாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு இரண்டு அறை. மூன்றாவதில் அவன் பைக்கோடு சேர்ந்து சாய்ந்தான். அவரே பைக்கைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மாடியேறி வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, ரேடியோ லைசென்ஸுக்கு இங்கதானுங்களே சொல்லித் தர்றாங்க?" என்றார்.

குரலில் ஒரு சூடும் இல்லை. இருந்ததெல்லாம் கையில்தான். நான் தலையாட்டிவிட்டு நாற்காலியை ஓரங்குலம் நகர்த்திக்கொண்டேன்.

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணபதிப் பகுதியில் பல்சக்கரம் வெட்டும் பட்டறை வைத்திருந்தார். நான்கு இயந்திரங்கள், ஆறு ஆட்கள். குள்ளமான உருவத்துக்குப் பொருந்தாத பெரிய உள்ளங்கைகள். வலது கட்டைவிரலில் நகம் கிடையாது. அவர் ஆட்களை அடித்த கதைகள் கணபதி முழுக்க இருந்தன. மட்டமான இரும்பைக் கொண்டுவந்து இறக்கிய லாரிக்காரரை ஃபேன் பெல்ட்டால் விளாசியிருக்கிறார். மீட்டர் பார்க்க வந்த ஊழியரின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரில் மோதிய வழக்கு ஸ்டேஷன் வரை போய்ச் சமரசத்தில் முடிந்திருந்தது. கல்யாண மண்டபத்துப் பந்தியில் சொந்த மைத்துனரை இலைக்கு மேலேயே தள்ளிவிட்டவர். கேட்டால், "கை முந்திக்குதுங்க, நான் என்ன பண்றது" என்பார். தன் கையைப் பற்றி, வீட்டில் வளர்க்கும் நாயைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

ஒருமுறை பட்டறைக்கு நானே போயிருந்தேன். பாடத்தில் ஏதோ சந்தேகம் என்று வரச் சொல்லியிருந்தார். நான் உள்ளே நுழைந்த நேரம் ஒரு தொழிலாளியின் சட்டைக்கை இயந்திரத்தில் சிக்கியது. அவர் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். அந்த ஆளின் இரண்டு விரல் நுனிகள் நசுங்கி ரத்தம் சொட்டியது. அவர் செய்த முதல் காரியம், அந்த ஆளின் கன்னத்தில் ஓங்கி அறைந்ததுதான். "கை போச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்று கேட்டு இன்னொன்று. அடுத்த நொடி அந்த ஆளைக் குழந்தையைப்போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ரோட்டில் ஓடினார். ஆட்டோவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் சட்டை முழுக்க ரத்தம். தையல் போட்டு முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அடிபட்டவன் வெளியே வந்து இவருக்கு ஆறுதல் சொன்னான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ரேடியோ லைசென்ஸ் எதற்கு என்று எங்கள் எல்லாருக்கும் கேள்வி இருந்தது. மூன்றாவது வாரம் அது விளங்கியது. பாடம் நடத்துபவர் ரேடியோ சங்கத்தின் வயர்லெஸ் செட்டை முடுக்கிக் காட்டினார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரே அலைவரிசையில் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுவார்கள். மலை உச்சியில் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. சின்ன செட்டில் பேசினாலும் அது வாங்கி மாவட்டம் முழுக்க ஒலிக்க வைக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. அன்று அவிநாசியிலிருந்து ஓர் இளைஞனின் குரல் வந்தது. தன் அழைப்புக் குறியீட்டைச் சொல்லி, மழை வரும்போலிருக்கிறது என்றது. பக்கத்தில் அவர் எழுந்து நின்றிருந்தார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியாததுபோல நின்றிருந்தார்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது என்னிடம் சொன்னார். அது அவருடைய மகன். கல்லூரியில் படிக்கும்போதே அந்தப் பையன் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். பட்டறைக்கு வராமல் மொட்டை மாடியில் கம்பி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று இவர் ஒருநாள் மாடியேறிப் போய் அவனுடைய செட்டைச் சம்மட்டியால் உடைத்தார். தடுக்க வந்த மகனை அறைந்தார். இடது காதில் சவ்வு கிழிந்தது. அந்தக் காது இப்போது கேட்காது. அன்று மாலையே அவர் மனைவி மகனைக் கூட்டிக்கொண்டு அவிநாசியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு வருடம் ஆகிவிட்டது. மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இயந்திரங்கள் பழுது பார்க்கிறான். இவர் போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனால் கதவு திறப்பதில்லை.

"செட்டுல யார் கூப்புட்டாலும் பதில் சொல்லோணுமாமுங்க, அதுதான் மரியாதையாமுங்க" என்றார். "அவன் பதில் சொல்லாட்டியும் போவுதுங்க அம்மணி. நான் பேசறது அவங்காதுல உழுந்தாப் போதும்."

பாடம் அவருக்கு ஏறவே இல்லை. எட்டாம் வகுப்போடு பட்டறைக்குப் போனவர். விதிமுறைகளை உருப்போட்டுவிடுவார், மின்சாரக் கணக்கு வந்தால் வியர்க்கும். தவறாக விடை எழுதினால் தன் கன்னத்திலேயே பளாரென்று அறைந்துகொள்வார். வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒருநாள் மின்தடைக் கணக்கு ஐந்தாம் முறையும் தப்பாக வந்தபோது மேசைமேல் குத்தியதில் பலகை விரிந்துபோனது. அடுத்த வாரம் அவரே ஆளைக் கூட்டிவந்து புதுப் பலகை போட்டுக் கொடுத்தார். நான்தான் வாரம் இரண்டு நாள் மாலையில் என் வீட்டு வராந்தாவில் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவரைப் பார்த்து எனக்கு இருந்த பயம் அந்த மாலைகளில் போய்விட்டது. போயிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

சென்னையில் தேர்வு எழுதினோம். நான் தேறினேன், அவர் தோற்றார். அடுத்த முறை எழுதி எல்லைக்கோட்டில் தேறினார். ஆனால் தேர்வோடு முடியவில்லை. விண்ணப்பித்தால் போலீஸ் விசாரணை உண்டு. வழக்கு எதுவும் இருக்கக்கூடாது. இதை நான் சொன்னதும் அவர் தன் கைகளைப் பார்த்தார்.

லைசென்ஸ் வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவர் யாரையும் அடிக்கவில்லை. கோபம் வந்தால் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நடப்பார். அப்படியும் அடங்காவிட்டால் பட்டறைக்குப் பின்னால் போய்ப் புளியமரத்தை அடிப்பார். ஒருநாள் அவருடைய இரண்டு கை முட்டிகளிலும் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். அவர் பட்டறையின் மூத்த ஆள் என்னைத் தேடி வந்து, முதலாளிக்கு ஏதாவது பெரிய வியாதியா என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார். தெருமுனையில் ஒரு குடிகாரன் அவர் சட்டையைப் பிடித்து, அவர் அம்மாவைச் சொல்லித் திட்டியபோதுகூட அவர் அக்குளிலிருந்து கையை எடுக்கவில்லை என்று ஊரே பேசியது.

லைசென்ஸ் வந்த ஞாயிறன்று நான் அவர் வீட்டில் இருந்தேன். புது செட். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டார். முறை வந்ததும் தன் குறியீட்டைச் சொல்லி, அவிநாசி நிலையத்தை அழைத்தார். மகன் உடனே பதில் சொன்னான். சிக்னல் தெளிவாக வருகிறது, புது நிலையத்துக்கு வாழ்த்து, பெயரைச் சொல்லுங்கள் என்றான். இவர் பெயரைச் சொன்னார். யாரும் குறுக்கே வரவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விநாடி முள் அரைவட்டத்துக்கு மேல் போயிருக்கும். பிறகு மகனின் குரல் வந்தது. "எந்த ஆன்டெனா போட்டிருக்கீங்க?"

அதன் பிறகு நான்கு ஞாயிறுகள் அவர்கள் பேசினார்கள். ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள், கேபிள் என்ன, அங்கே மழையா, இங்கே காற்று. வேறொன்றும் இல்லை. அப்பா என்ற சொல் வரவில்லை. ஆனால் நான்காவது வாரம் மகன் தானாகவே, கம்பத்துக்கு எர்த் போட்டிருக்கிறீர்களா, இடி நாளில் கவனமாக இருங்கள் என்றான். செட்டை அணைத்தபின் அவர் அந்த வாக்கியத்தை என்னிடம் மூன்று முறை திருப்பிச் சொன்னார்.

ஐந்தாவது ஞாயிறு தொந்தரவு தொடங்கியது. இவர் பேசி முடித்து மகன் பதில் சொல்ல ஆரம்பித்ததும் யாரோ ஒருவர் தன் மைக்கின் பேசும் பொத்தானை அழுத்திவிட்டதுபோல அலைவரிசை அடைத்துக்கொண்டது. பேச்சு இல்லை. ஒரு மின்விசிறிச் சத்தம், ஏதோ கிறீச்சென்ற ஒலி, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் விடும். மகன் மறுபடி பேசத் தொடங்கினால் மறுபடி அமுக்கும். மற்றவர்கள் பேசும்போது அவ்வளவாக இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. எல்லாரும் அலைவரிசையில் வேண்டிக் கேட்டும் அந்த ஆள் பதில் சொல்லவில்லை. மகன், "சரிங்க, இப்படி இருந்தாப் பேச முடியாது" என்று சொல்லிவிட்டு விலகினான்.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். சொல்லப்போனால் அவரைவிட எனக்குத்தான் ஆத்திரம் அதிகம். வாரம் முழுக்க நான் அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காத்திருந்தேன். சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்று சொன்னது நான்தான். பிவிசி பைப்பில் இரும்பு அளவு டேப்பை வெட்டிக் கட்டி, கையில் பிடிக்கும் ஆன்டெனா ஒன்றைச் செய்ததும் நான்தான். அதை எந்தப் பக்கம் திருப்பும்போது சத்தம் அதிகமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஆள் இருக்கிறான்.

தொந்தரவின் மூன்றாவது ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் அவர் காரில் அவிநாசி ரோட்டில் இருந்தோம். மகன் மற்றவர்களோடு பேசத் தொடங்கியதும் அந்தச் சத்தமும் வந்தது. அவர் ஓட்டினார்; நான் ஜன்னல் வழியே ஆன்டெனாவை நீட்டித் திசை சொன்னேன். நேராக. இடது. இன்னும் நேராக. கருமத்தம்பட்டியில் மெயின் ரோட்டை விட்டு இறங்கி, விசைத்தறிகள் தடதடக்கும் ஒரு சந்துக்குள் புகுந்தோம். ஆன்டெனாவைக் கழற்றியபிறகும், சிக்னலின் வலுவைக் காட்டும் முள் செட்டில் கடைசிவரை ஏறி நின்றது; அவ்வளவு பக்கம். பச்சைக் கேட் போட்ட ஓட்டு வீடு. வாசல் நிலைக்கு மேலே மாதா படம்.

"இந்த வீடுதான்" என்றேன்.

அவர் இஞ்சினை அணைத்தார். வாட்சைக் கழற்றினார். பையில் போடாமல் என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.

என் மடியில் இருந்த இன்னொரு செட்டில், மலையிலிருந்து ரிப்பீட்டர் ஒலிபரப்புவது கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் அந்த மின்விசிறிச் சத்தம். பிறகு கதவு மோதும் சத்தம். "யாருங்க?" என்று ஒரு வயதான குரல். அப்புறம் அறை. அது மலையேறி, மாவட்டம் முழுக்க இறங்கியது. இன்னொன்று. அந்தக் கிழக் குரல் ஏதோ கேட்க வருகிறது, முடிப்பதற்குள் அடுத்தது. எலும்பு மேசையில் இடித்ததுபோல ஓர் ஒலி. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

உள்ளே, மெத்தை போட்ட ஓர் ஈஸி சேரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவரை அழுத்திப் பிடித்து அவர் அடித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம் அடக்கி வைத்தது எல்லாம் அதில் இருந்தது. பெரியவரின் வாயிலிருந்து ரத்தம் பனியனில் வழிந்தது. நான் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் தள்ளியதில் சுவரில் போய் மோதினேன். பெரியவரை அவர் நாற்காலியிலிருந்து பிடுங்கித் தரையில் எறிந்தார். கையை ஊன்றி விழுந்த பெரியவரின் மணிக்கட்டு ஒடிந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது.

நாற்காலி கவிழ்ந்தபோது மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவிலிருந்து சுருள் வயரோடு ஒரு மைக் கீழே விழுந்தது. அடைத்திருந்த அலைவரிசை விட்டுப்போனது. அலமாரியில் இருந்த பெரியவரின் செட் சட்டென்று உயிர்பெற்றது.

"அப்பா, உடுங்க" என்றது மகனின் குரல். "அப்பா. போதுமுங்கப்பா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் செட்டைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த மைக்கைப் பார்த்தார். பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "நான் என்ன தப்புங்க பண்ணுனேன்?" என்று கேட்டார்.

அவரே பெரியவரைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார். பெரியவரைச் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்த போலீஸ்காரரிடம் தானே போய், அடித்தது நான்தான் என்றார்.

பெரியவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். பழைய லைசென்ஸ்காரர். பேச மாட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பதோடு சரி. காது மந்தம். ஆன்டெனாவைப் பற்றி இவ்வளவு பொறுமையாகப் பேசிக்கொள்கிற அந்த இரண்டு பேரை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்றாம். அதிலும் அவிநாசிப் பையன் மெல்லப் பேசுவான். நன்றாகக் கேட்க வேண்டும் என்று செட்டின் பக்கம் சாய்வாராம். சாயும்போதெல்லாம் மெத்தை நடுவில் செருகிக் கிடந்த மைக்கின் பொத்தான் அழுந்தியிருக்கிறது. அழுந்தினால் செட்டில் எதுவும் கேட்காது. செட் பழுதாகிவிட்டது என்று நினைத்து, இன்னும் சாய்ந்திருக்கிறார். இதையெல்லாம் அவர் மறுநாள் உடைந்த பற்களோடு போலீஸிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

மகன், அடி நடந்த ஞாயிறு மதியமே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். அப்பாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. யாரும் பெயர் சொல்லாதபோது அது அப்பா என்று எப்படித் தெரிந்தது என்று அவனிடம் கேட்டேன்.

"சத்தத்துலயேங்க அக்கா" என்றான். "ஒவ்வொரு அடிக்கும் நடுவுல அவர் எவ்வளவு நேரம் உடுவாருன்னு எனக்குத் தெரியுமுங்க."

வழக்கு நடந்தது. லைசென்ஸை அவரே திருப்பி அனுப்பிவிட்டார். பட்டறையை மூத்த ஆள் பார்த்துக்கொண்டார். பெரியவரின் மணிக்கட்டில் எலும்பு கூடியது, ஆனால் கை முன்போலத் திரும்பாது. அவர் மன்னிக்கவும் இல்லை. கோர்ட்டில், அந்த நாளுக்குப் பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தனக்குச் சிறுநீர் போய்விடுகிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதைக் கேட்டபோது கூண்டிலிருந்தவர் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறியது அன்று பிற்பகல். அவருடைய வக்கீலுக்கு, பழியை என் பக்கம் திருப்பும் ஒரு திட்டம் இருந்தது. கருவி செய்தது யார், திசை சொன்னது யார், வீட்டைக் காட்டியது யார் என்று வரிசையாகக் கேட்டார். நான்தான் என்றேன். அவர் கோபத்தில் கை நீட்டுபவர் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அப்படியென்றால் அடிப்பார் என்று தெரிந்துதான் அந்த வீட்டைக் காட்டினீர்களா என்றார்.

அந்தப் பச்சைக் கேட்டைப் பார்த்தபோது எனக்குள் இருந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். உள்ளே இருப்பவன் நன்றாக நாலு வாங்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது குற்றவாளிக் கூண்டிலிருந்து அவர் பேசினார். பேசக்கூடாது என்று வக்கீல் கை காட்டியும் நிறுத்தவில்லை.

"அந்த அம்மணிக்கு ஒண்ணுந் தெரியாதுங்கய்யா. சும்மா கேட்டுப்போட்டு வாரேன்னு சொல்லித்தான் நான் எறங்குனனுங்க. அவிய நம்பிட்டாங்க."

காரிலிருந்து இறங்கியபோது அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். அவர் சொல்வது உண்மையா அம்மா என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.